இருபது நிமிடக் கல்வெட்டு

என் கணவர் இறந்த பன்னிரண்டாம் நாள் நான் லப்டொப்பைத் திறந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் காலமான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் கோப்பை எடுத்து, அவருடைய பெயரை அழித்துவிட்டு என் கணவரின் பெயரைப் போட்டேன். பதினாறு வருடமாக இதுதான் என் தொழில்.

வெள்ளவத்தையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்ற இடத்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. காலையில் முகத்துவாரத்தில் கடற்கரைக் கிரியை, மத்தியானம் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. சாப்பிட்டுக் கைகழுவி வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதற்குப் பெயர் கல்வெட்டு. முகப்பில் இறந்தவரின் படம். உள்ளே அவர் மறைந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரம், திருவாசகம், வாழ்க்கை வரலாறு. கடைசியில் புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. செத்த வீட்டில் இந்தப் பாட்டுகளை உட்கார்ந்து யார் எழுதுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

காலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே கல்வெட்டுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை. போனவரின் கோப்பைத் திறந்து வந்தவரின் பெயரைப் போடுவேன். ஆசிரியருக்கு ஒரு மாதிரி, வியாபாரிக்கு ஒரு மாதிரி, குடும்பத் தலைவிக்கு ஒரு மாதிரி. எல்லோரும் இன்முகத்தவர்கள், எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். பதினாறு வருடத்தில் முகம் சுளிக்கிற ஓர் ஆள் கூடச் சாகவில்லை.

இந்த வேலையில் ஓர் ஆபத்து உண்டு. பழைய ஆளின் ஏதாவது ஒரு வரி புதிய ஆளின் புத்தகத்தில் தங்கிவிடும். ஒருமுறை ஓர் அம்மாவின் கல்வெட்டில் ‘வேட்டி சால்வையுடன் கம்பீரமாக நடந்து வருவார்’ என்று கிடந்தது. அதைப் பிடித்தவர் என் கணவர். கப்பல் கொம்பனி ஒன்றில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். எழுத்துப் பிழை அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. ஓய்வுபெற்ற பிறகு என்னுடைய ஒவ்வொரு கல்வெட்டையும் அவர் பார்க்காமல் நான் அச்சகத்துக்கு அனுப்பியதில்லை.

பார்க்கும் முறை ஒன்று இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குக் குளிப்பார். கொழும்பு வெக்கைக்கு அவருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. குளித்துவிட்டு, சாரத்தைக் கட்டி, கழுத்து, நெஞ்சு, கமக்கட்டு, முதுகில் கை எட்டுகிற இடமெல்லாம் பவுடர் கொட்டிக்கொள்வார். குழந்தைகளுக்குப் பூசுகிற பவுடர்தான், வேறு எதுவும் அவருக்கு ஒத்துவராது. அப்படியே மேலில் சட்டை இல்லாமல் லப்டொப்பின் முன்னால் வந்து உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து வரி வரியாக வாசிப்பார். பின்னால் மேசை விசிறி சுழலும். பவுடர் பறக்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

“இஞ்சருங்கோ, உந்தப் பவுடரோட மெசினுக்குக் கிட்டப் போகாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். உள்ளுக்குப் போய் அடைச்சுப் பழுதாகப் போகுது.”

“பழுதாகிறது உப்புக் காத்தாலையப்பா. எங்கட யன்னல் கம்பி துருப்பிடிக்குது, பவுடராலையோ? நீர் சும்மா இரும்.”

எங்கள் வீடு கடல் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடி. ரெயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். யன்னல் கம்பி, குசினித் தகரம், கதவுப் பிணைச்சல் எல்லாம் துருப்பிடிப்பது உண்மைதான். ஆகவே இந்தச் சண்டை நான்கு வருடமாக முடியவில்லை. நான் பவுடர் என்பேன், அவர் உப்பு என்பார். அதற்கிடையில் லப்டொப் சூடாகத் தொடங்கிவிட்டது.

அவர் இருக்கும்போதே அது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. அவர் போன பிறகு இருபது நிமிடம். இருபது நிமிடம் வேலை செய்ததும் விசிறி ஊளையிடும். அடியில் கை வைத்தால் தோசைக்கல். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் திரை கறுத்துவிடும். சேமிக்காதது எல்லாம் போய்விடும்.

வொரண்டி அட்டையை அவர் பிஸ்கற் பேணிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு காலி வீதியில் லப்டொப் வாங்கிய கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பிள்ளை அட்டையைப் பார்த்துவிட்டு, “வொரண்டி இவரய், ஆன்ட்டி,” என்றாள் சிங்களத்தில். முடிந்துவிட்டதாம். முடிந்து ஒன்றரை வருடமாம். திறந்து பார்க்க ஒரு கட்டணம், திருத்த வேறு கட்டணம், அதைவிடப் புதிதாக ஒன்று வாங்கினால் நல்லது என்று ஒரு கடதாசியை நீட்டினாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வழக்கமான நான் என்றால் அந்தக் கடையில் நின்று ஒரு பாட்டுப் பாடியிருப்பேன். அன்று அதற்குக்கூட எனக்குள் எதுவும் கிளம்பவில்லை.

அந்த நாட்களில் எனக்குள் எதுவுமே கிளம்பவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொன்னதும், பெட்டியில் வைத்து வந்ததும் எல்லாம் பக்கத்து வீட்டு ரீவியில் ஓடுவதுபோல ஓடி முடிந்தன. நான் அழவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் மச்சாளிடம் போய் அழுதார்கள். மச்சாள் என்றால் அவருடைய தங்கை. ஹெந்தளையில் இருக்கிறவள், முப்பத்தொன்று முடியும்வரை என்னோடு வந்து நின்றாள். “ஒருக்கா அழுதிடுங்கோ மச்சாள், நெஞ்சுக்குள்ள வைச்சிருக்காதேங்கோ,” என்று நாளுக்கு மூன்று தரம் சொல்வாள். நெஞ்சுக்குள் எதுவும் இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஊரார் எல்லோருக்கும் மாதிரிப் பாட்டு ஒட்டிக் கொடுத்தவள் நான். என் மனிதரின் கல்வெட்டில் ஒரு பக்கமாவது அவரைப் பற்றிய பக்கமாக இருக்கவேண்டும். இன்முகத்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர் என்ற எந்தச் சனியனும் இல்லாமல், வேறு எவருடைய புத்தகத்துக்கும் எடுத்து ஒட்டமுடியாத ஒரு பக்கம். அவருக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தது மச்சாளின் மகன். அந்தியேட்டிக்கு ஐயர், மண்டபம், சமையல் எல்லாம் அவன் பொறுப்பு. அந்தப் பக்கம் மட்டும் என் பொறுப்பு.

அதற்கு இடமும் குறித்துவிட்டேன். ஆசிரியரின் கோப்பில் மக்கள் புலம்பலையும் மருமக்கள் புலம்பலையும் எடுத்துவிட்டு அவருடைய தங்கை குடும்பத்தின் நன்றியுரையைப் போட்டேன். பேரர் புலம்பல் இருந்த கடைசிப் பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை. அச்சில் பக்கம் நான்கு நான்காகத்தான் வரவேண்டும், ஒன்றை அழித்தால் மற்றவை எல்லாம் கலைந்துவிடும். ஆகவே அந்த ஆசிரியரின் எட்டுப் பேரப்பிள்ளைகளும் தங்கள் பாட்டோடு அங்கேயே இருந்தார்கள். என் பக்கம் எழுதி முடிந்ததும் அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டு அதில் இதைப் போடுவது என்று திட்டம்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ‘அவர்’ என்று அடிப்பேன். பிறகு கை நிற்கும். நாற்பத்தொரு வருடம் ஒரு மனிதரோடு இருந்துவிட்டு, ‘அவர்’ என்ற சொல்லுக்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியாமல் இருக்குமா? எனக்கு இருந்தது. கை தன்பாட்டில் ‘இன்முகத்துடன்’ என்று அடிக்கும். அழிப்பேன். ‘எல்லோரிடமும் அன்பாக’ என்று அடிக்கும். அழிப்பேன். அவர் எல்லோரிடமும் அன்பாக இருந்தவரும் இல்லை. அதற்குள் இருபது நிமிடம் முடிந்து திரை கறுக்கும். ஆறும்வரைக்கும் ஒரு மணித்தியாலம் யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பேன். ரெயில் போகும். திரும்ப வந்து ‘அவர்’ என்று அடிப்பேன்.

சூட்டுக்கு என்னென்ன வைத்தியம் செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். ஐஸ் பெட்டியில் அவர் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் வாங்கி வைத்த பாரைமீன் பை ஒன்று கல்லாகிக் கிடந்தது. துடக்கு வீட்டில் மீன் சமைக்க முடியாது, எறியவும் எனக்கு மனம் வரவில்லை. அதைத் துவாயில் சுற்றி லப்டொப்பின் கீழ் வைத்தேன். நாற்பது நிமிடம் தாங்கியது. நான்காம் நாள் மச்சாள் கண்டுவிட்டாள்.

“ஐயோ மச்சாள், என்ன வேலை இது! சாமிப்படத்துக்கு முன்னால மீனை வைச்சுக்கொண்டு தேவாரம் அடிக்கிறியளோ!”

“தேவாரம் அடிச்சு முடிஞ்சுது. இப்ப அண்ணாவைப் பற்றித்தான்,” என்றேன்.

அவள் குசினிக்குள் போய்விட்டாள். மீன் பையை அவளே கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். திரும்பவும் இருபது நிமிடமாகிவிட்டது.

இருபத்துநாலாம் நாள் அச்சகத்துத் தம்பி போன் எடுத்தார். தம்பி என்றாலும் ஐம்பது வயது. எத்தனை பக்கம் என்று தெரிந்தால் தாள் எடுத்து வைக்கலாம் என்றார். இருக்கிற கோப்பை அப்படியே அனுப்பினேன், கணக்குக்கு மட்டும். “கடைசிப் பக்கம் மாறும் தம்பி,” என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் இன்றுவரை நினைக்கிறேன். சொல்ல நினைத்துவிட்டுச் சொல்லாமலும் விட்டிருப்பேன். அந்த நாட்களில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த நாள் லப்டொப் எழும்பவே இல்லை. அச்சகத்துத் தம்பி முன்பு சொல்லியிருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். புறக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து த்ரீவீல். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே அந்த மனிதரின் கடை. என் வயதுக்குப் பத்து வயது குறைந்தவர். நெற்றியில் பூதக்கண்ணாடி, சுவரில் மாதா படம், மேசை முழுக்கத் திறந்து கிடக்கிற கொம்பியூட்டர்கள். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். லப்டொப்பை வாங்கிக் கையில் பிடித்தவர் மூக்கைச் சுளித்தார்.

“என்னாம்மா இது, மீன் மணக்குது?”

“ஐஸ் வைச்சனான்,” என்றேன்.

“மீன்லயா ஐஸ் வச்சீங்க!” என்று சிரித்துவிட்டு, கேட்டார்: “எந்தப் பக்கம் வீடு? வெள்ளவத்தையா? கடல் பக்கமா? ஆங், அதான். உப்புக் காத்தும்மா. வெள்ளவத்தையிலருந்து வர்ற மெசின் எல்லாமே உப்புதான். திறந்து பாக்காமயே சொல்லிருவேன்.”

எனக்கு எரிச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாளிலிருந்து அன்றுவரை எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்த எரிச்சல்தான். செத்த பிறகும் என் மனிதர் வென்றுவிட்டார். உள்ளே விசிறி மாற்றவேண்டும், அதைப் புறக்கோட்டையில் தேடவேண்டும், இரண்டு நாள் என்றார். அதற்குள் இருக்கிறது ஒன்றும் அழியாதே என்று கேட்டேன். ஒன்றும் அழியாது என்றார். அதற்குள் இருந்தது ‘அவர்’ என்ற ஒரு சொல்தான். அதை அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் நான்கு நாளாகியது. நடுவில் போயா, பௌர்ணமி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. மச்சாளின் மகன் தன்னுடைய லப்டொப்பைத் தருகிறேன் என்றான். வேண்டாம், எழுத்துகள் மாறிவிடும் என்றேன். பொய். பக்கம் வராததற்கு லப்டொப் மேல் பழியைப் போட எனக்கு வசதியாக இருந்தது. ஒரு கொப்பியிலும் பேனாவாலும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. திங்கட்கிழமை லப்டொப் வரும், அன்று முழுக்க இருந்து எழுதிக் கொடுத்தால் புதனுக்குப் புத்தகம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை காலை வந்தது அச்சகத்துத் தம்பிதான். கையில் இரண்டு கட்டு.

“அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்களை அலைக்கழிக்கக் கூடாது எண்டு போயாவுக்கு முதலே நான் அடிச்சு முடிச்சிட்டன். காசு கதைக்கவே வேண்டாம். அண்ணைக்கு நான் செய்யிறது.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. நல்ல தாளில் போட்டிருந்தார், எந்த வாடிக்கையாளருக்கும் போடாத தாள். முகப்பில் என் கணவர் கோட்டும் ரையுமாக இருந்தார். மேல் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

பேரர் புலம்பல்

பள்ளி விட்டு வருகையிலே படலையிலே நிற்பீரே
அள்ளி எம்மைத் தோளேற்றி ஆசையுடன் சிரிப்பீரே
அப்பப்பா என்றழைத்தோம் அறைக்குள்ளே காணவில்லை
எப்போது வருவீரோ எம்மை இனித் தூக்குதற்கு?

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பதினாறு வருடம் எல்லார் வீட்டுப் புத்தகத்திலும் பிழை பிடித்த வீட்டில், எங்களுடைய புத்தகத்தைப் பார்க்க ஆள் இல்லை. அவர் இருந்திருந்தால் விரலை வைத்த உடனே பிடித்திருப்பார். “நல்லா வந்திருக்கு தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றேன்.

மச்சாள் பிறகு பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாளைக் கிழித்து எடுப்போமா, மேலே ஒரு கடதாசி ஒட்டுவோமா, ஆட்களைக் கூப்பிட்டு இரவிரவாக ஒட்டுவோமா என்று கேட்டாள். கிழித்தால் அந்தத் தாளோடு சேர்ந்த முகப்பும் வந்துவிடும், அவருடைய படம் போய்விடும் என்றேன். ஒட்டுவதென்றால் ஒட்டுகிற கடதாசியில் எதையாவது எழுதவேண்டும். என்னிடம் எதுவும் இல்லை. “விடுங்கோ மச்சாள். ஒருத்தரும் வாசிக்கிறேல்லை,” என்றேன். அதுவும் உண்மைதான். கல்வெட்டில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு அதால் விசிறிபோல விசுக்கிக்கொள்வார்கள்.

முப்பத்தோராம் நாள் அப்படித்தான் நடந்தது. மண்டபத்தில் பந்தி பந்தியாகச் சாப்பிட்டு வந்து, புத்தகத்தை வாங்கி, படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, விசுக்கிக்கொண்டு இருந்தார்கள். என் கணவரின் முகம் எல்லாக் கைகளிலும் ஆடியது. ஒரே ஓர் ஆள் வாசித்தார். அவரோடு கப்பல் கொம்பனியில் வேலை செய்த பழைய மனிதர், ஓய்வுக்குப் பிறகு தொடர்பு விட்டுப்போனவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பேரப்பிள்ளையளின்ர பாட்டு நெஞ்சைத் தொட்டிட்டுதம்மா. எங்கை அவை? வரேல்லையோ? வெளிநாட்டிலயோ?”

பக்கத்தில் நின்ற மச்சாள் மூச்சை நிறுத்திவிட்டாள்.

“ஓம்,” என்றேன்.

“கனடாவோ?”

“ஓம். கனடா.”

“என்ன செய்யிறது, இப்ப எல்லாருக்கும் அதுதானே,” என்று என் கையைத் தடவிவிட்டுப் போனார். நான் வடை பாயாசம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் போனேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, துக்கமாகவும் இருக்கவில்லை. ஒரு பொய் சொன்னேன், அது நன்றாகப் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து மச்சாள் ஹெந்தளைக்குத் திரும்பினாள். விசிறி கிடைக்கவில்லை என்று திங்கட்கிழமையும் தராத கொட்டாஞ்சேனைக்காரர் அன்று காலை போன் எடுத்தார், மெசின் தயார் என்று. அவளைப் புறக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே அங்கே போனேன். இனி அந்த லப்டொப்பால் எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அடுத்த சாவுக்குத் தேவைப்படும் என்று எடுக்கப் போனேன்.

மனிதர் என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி.

“உக்காருங்கம்மா. நா சொன்னது பிழையாப் போச்சு. உப்பு இல்லம்மா. ஒரு துளி துரு இல்ல. இதப் பாருங்க, உங்களுக்குக் காட்டணும்னே கொட்டாம வச்சிருக்கேன்.”

மேசைக்குக் கீழிருந்து ஒரு பத்திரிகைத் தாளை இரண்டு கையாலும் தட்டுப்போல ஏந்தி எடுத்து என் முன்னால் வைத்தார். பழைய விசிறி அதன் நடுவில் கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, சிறு கட்டி கட்டியாக, ஒரு பிடி இருக்கும். வேர்வை பட்டு இறுகி, சூட்டில் காய்ந்து, விசிறியின் அச்சிலேயே உறைந்துபோயிருந்தது. அவர் ஒரு கட்டியை ஸ்குறூ ட்றைவரால் தட்டினார். அது உடைந்து பொடியாகியது. மணம் எழும்பியது. பின்னேரம் ஐந்து மணி மணம். எங்கள் வீட்டு மேசையின் மணம்.

“பவுடரும்மா. பேபி பவுடர். எங்க வீட்லயும் சின்னது இருக்கு, மணத்தைப் புடிச்சதுமே தெரிஞ்சிருச்சு. வீட்டுல கொழந்த இருக்குதா? பேரப்புள்ளயா? மெசின் பக்கத்துல வச்சுப் பூசாதீங்கன்னு சொல்லுங்க.”

மண்டபத்தில் சொன்ன ஓம் எனக்கு வாயில் வந்தது. கனடா என்றும் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

“இல்லை,” என்றேன். “எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அது என்ர மனுசன்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

“நான் சொன்னனான்,” என்றேன். “எத்தினை தரம் சொன்னனான், உந்தப் பவுடரோட கிட்டப் போகாதேங்கோ எண்டு. உப்பாம், உப்புக் காத்தாம். யன்னல் கம்பியைக் காட்டுவார். நாலு வரியமாச் சொன்னனான் ஐயா. ஒரு நாள் கேக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, இது உப்போ? உப்போ இது?”

“இல்லம்மா,” என்றார் அவர் மெதுவாக. “பவுடர்தான்.”

நான்தான் சரி. நான்கு வருடச் சண்டையில் நான்தான் சரி, அதற்கு ஒரு கை நிறைய அத்தாட்சி, பத்திரிகைத் தாளில், சாட்சியோடு. அதைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டி, ‘இப்ப என்ன சொல்லுறியள்?’ என்று கேட்கவேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ‘சரி சரி, நீர் வெண்டிட்டீர், தேத்தண்ணியைக் கொண்டுவாரும்,’ என்று சொல்லவேண்டும். ‘அவர்’ என்ற சொல்லுக்குப் பிறகு என்ன போடுவது என்று எனக்கு அப்போது தெரிந்தது. புத்தகம் எல்லார் வீட்டுக்கும் போய் மூன்று நாளாகிவிட்டது.

அந்தப் பொடியின் மேல் கையை வைத்தேன். பிறகு அந்த மாடிப்படிக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் முன்னால், வாய்விட்டு அழுதேன். முப்பத்துநாலு நாளில் முதல் தடவை. மேலே படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல் எழும்பினார், உட்கார்ந்தார், லப்டொப்பை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“அழாதீங்கம்மா,” என்றார். “சுத்தமா எடுத்துட்டேன். இனிமே சூடாவாது.”